மௌனக் கிரகத்திற்கு வந்தவர்

தியானப் பகுதி: சங்கீதம் 8:3, 4, 1 பேதுரு 1:12



என் மனைவி கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு, என் மகன் சபைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். ஒருநாள் இரவு மொட்டைமாடியில் படுத்திருந்தபோது கேட்டான்: "அப்பா, சூரியனுக்கு அடுத்தபடியா கிட்ட இருக்கிற நட்சத்திரத்தோட வெளிச்சம் இங்க வரவே 4 வருஷத்துக்கு மேல ஆகுது. இவ்வளவு பெரிய வானத்துல, அம்மாவுக்காக நாம அழுது ஜெபிச்சது யாருக்குக் கேட்டிருக்கும்?"

எனக்குப் பதில் வரவில்லை. "விண்வெளிக் கதை படிச்சுக் கெட்டுப்போயிட்டே" என்று திட்டிவிட்டேன். அது என் தப்பு. மறுநாள் அவன் மேஜையிலிருந்த புத்தகத்தை நானே எடுத்து வாசித்தேன்.

1938-ல் வெளிவந்த 'அவுட் ஆஃப் த சைலன்ட் பிளானட்' அது. எழுதியவர் ஆக்ஸ்போர்டில் கற்பித்த சி. எஸ். லூயிஸ். வாலிபத்தில் தேவனே இல்லை என்றிருந்தவர், 1931-ல் கிறிஸ்துவை விசுவாசித்தார். அந்தக் கதையிலிருந்து மூன்று காரியங்கள்:

1. வானம் வெறுமையல்ல. ரான்சம் என்பவரை இரண்டு பேர் செவ்வாய்க் கிரகத்துக்குக் கடத்திப் போகிறார்கள். வழியெல்லாம் இருளும் குளிரும்தான் என்று நினைத்தவர், வெளிச்ச சமுத்திரத்தையே காண்கிறார். 19-ம் சங்கீதத்தைப் பாடிய தாவீதுக்கு இது புதிதல்லவே!

2. மௌனமானது பூமிதான். அதை ஆளும் தூதன் கலகம் செய்ததால், மற்றக் கிரகங்களோடு அதற்குப் பேச்சு அற்றுப்போயிற்று என்கிறது கதை.

3. பரலோகம் பூமியைக் கவனிக்கிறது. செவ்வாயை ஆளும் தூதன், மௌனமான பூமியில் ஆண்டவர் செய்த காரியத்தை அறிய ஆசைப்படுகிறான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு அழுதேன். பேதுரு எழுதினது நினைவுக்கு வந்தது: தூதர்களும் எட்டிப்பார்க்க ஏங்குவது நமக்கு உண்டான இரட்சிப்பைத்தான்!

பிரியமானவர்களே, கதை வேதமாகாது. ஆனாலும் அது என்னை வேதத்திற்குத் திருப்பியது.

அன்று இரவு மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். "தம்பி, அம்மா ஏன் போனாங்கன்னு எனக்கும் தெரியலை. ஆனா நட்சத்திரங்களை உண்டாக்கினவர் தூரத்திலேயே இருந்துடலை. இங்கேயே வந்தார். லாசருவின் கல்லறைக்கிட்ட நின்னு அழுதார்" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போகவும் இல்லை.

உங்கள் பிள்ளைகள் கேள்வி கேட்டால் அதட்டாதிருங்கள். அவர்களோடு சேர்ந்து வானத்தை அண்ணாந்து பாருங்கள். அங்கிருந்து சிலுவையைக் காட்டுங்கள். கர்த்தர்தாமே உங்கள் குடும்பங்களைத் தேற்றுவாராக. ஆமென்.