ராம் காலியாக இல்லையே என்ற கவலை வேண்டாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "எந்த புரோகிராமும் திறக்கவில்லை. ஆனாலும் ராமில் பெரும்பகுதி நிரம்பிவிட்டதே, ஏன்?" இதற்காகப் புது ராம் வாங்கவோ, மெமரியைக் காலி செய்வதாகச் சொல்லும் புரோகிராம்களை இன்ஸ்டால் செய்யவோ வேண்டாம் என்பதே என் பதில்.

டிஸ்க்கைவிட ராம் பல மடங்கு வேகமானது. எனவே ஒருமுறை படித்த பைல்களின் நகலைச் சும்மா கிடக்கும் ராமில் சிஸ்டம் வைத்துக் கொள்கிறது. இதுவே கேஷ். அதே பைலை மீண்டும் கேட்டால் சட்டென்று கிடைக்கும். புரோகிராம்களுக்கு இடம் தேவைப்பட்டால் கேஷ் விட்டுக் கொடுத்துவிடும்.

இதை ஒவ்வொரு சிஸ்டமும் ஒவ்வொரு விதமாகக் காட்டும்.

விண்டோஸ் 10, 11: கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்தவும். டாஸ்க் மேனேஜரில் பெர்பார்மன்ஸ், பின் மெமரி தேர்ந்தெடுக்கவும். 'கேஷ்டு' அளவின் பெரும்பகுதி 'அவைலபிள்' கணக்கிலும் சேர்ந்திருக்கும்.

லினக்ஸ்: டெர்மினலில் 'பிரீ' கட்டளை கொடுக்கவும். 'பிரீ' பத்தியில் எண் சிறிதாக இருந்தாலும் பயம் வேண்டாம். 'அவைலபிள்' பத்தியைப் பாருங்கள். 2014ல் வந்த கெர்னல் 3.14 முதல் இந்த மதிப்பைக் கெர்னலே கணக்கிட்டுத் தருகிறது.

மேக்: ஆக்டிவிட்டி மானிட்டரில் மெமரி டேப்பைக் கிளிக் செய்யவும். 'கேஷ்டு பைல்ஸ்' தனியே தெரியும். 'மெமரி பிரஷர்' வரைபடம் பச்சையாக இருந்தால் போதும்.

எடுத்துக்காட்டாக, 8 ஜிபி ராமில் பிரீ 300 எம்பி, அவைலபிள் 5 ஜிபி என்றால், உங்களுக்கு 5 ஜிபி வரை கிடைக்கும் என்றே பொருள். அவைலபிள் அளவே எப்போதும் மிகக் குறைவாக இருந்து, கம்ப்யூட்டரும் திணறினால் மட்டும் கூடுதல் ராம் பற்றி யோசியுங்கள்.