வெளியே வந்தாச்சே, இனி மாத்திரை எதுக்கு?

மதுரை மத்திய சிறையிலிருந்து கம்பத்துக்கோ போடிக்கோ மனநோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர் திரும்பி வந்தால், வீரபாண்டி கௌமாரியம்மனைக் கும்பிடக் கூட்டிப்போகிறவர்கள் உண்டு. தப்பில்லை. ‘மாத்திரைச் சீட்டு எங்கே?’ என்று கேட்க மறப்பதுதான் தப்பு.

நம்பிக்கை: ஜெயில்தான் புத்தியைக் கெடுத்தது, வீட்டுச் சோறு தின்றால் தெளிந்துவிடும்.

உண்மை: மனச்சிதைவு போன்ற நோய்களில் மாத்திரையை நிறுத்திய மறுநாளே எதுவும் தெரியாது. குடும்பம் ஏமாறுவது இங்கேதான். சில வாரமோ மாதமோ கழித்துத் தூக்கம் குறையும், சந்தேகம் முளைக்கும், தனக்குத்தானே பேச்சு வரும். ‘பழையபடி ஆரம்பிச்சுட்டான்’ என்பார்கள். சிறையில் வேளாவேளைக்குக் கிடைத்த மருந்து வாசலோடு நின்றுபோனதை யாரும் நினைப்பதில்லை. போதாக்குறைக்குப் பழைய கூட்டாளிகளும் கஞ்சாவும் சேர்ந்தால், மாத்திரை சாப்பிடுகிறவருக்கே நோய் திரும்பலாம்.

விடுதலைக்கு முன்பே மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை அது. க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். விடியுமுன் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிறவர் தினமும் மாத்திரையை நினைவு வைத்திருப்பது சிரமம். மாதம் ஒருமுறை போடும் ஊசி சிலருக்கு ஒத்துவரும், டாக்டரிடம் கேளுங்கள்.

நம்பிக்கை: மனநோய்ச் சான்று இருந்தால் கேஸ் தள்ளுபடி.

உண்மை: கிடையாது. மனநோயால், செய்வது இன்னதென்றோ அது தப்பென்றோ அறியாத நிலையில் குற்றம் நடந்தது என்று நிரூபித்தால்தான் விடுவிப்பு. விசாரணையை எதிர்கொள்ள முடியாதவர் என்றால் வழக்கு ஒத்திப்போகும், சாகாது. கேட்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அசாமின் மச்சாங் லாலுங் சாட்சி: 1951-இல் கைதாகி, 1967-இல் குணமானார் என்று மருத்துவமனை சொல்லியும், விசாரணையே இல்லாமல் 2005 வரை அடைபட்டுக் கிடந்தார்.

ஜாமீனில் வந்தவருக்கு ஸ்டேஷன் கையெழுத்து இன்னொரு கண்ணி. நோய் முற்றிய வாரத்தில் போகாவிட்டால் ஜாமீனே ரத்தாகலாம். நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி வக்கீல் மனுப் போடலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100-இல் இலவசச் சட்ட உதவி கேளுங்கள்.

நம்பிக்கை: கட்டிப்போட்டால்தான் ஊருக்குப் பாதுகாப்பு.

உண்மை: 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் செத்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதற்கு இன்று சட்டம் தடை போட்டிருக்கிறது.

தூக்கம் குறைகிறதென்று கண்டால் அன்றைக்கே அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். காசில்லை, தமிழில் பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.