வழி சொல்லும் கணிப்பொறியும் வழி கெடுப்போரும்

புதிய ஊரில் பேருந்தை விட்டு இறங்கியவர் முதலில் செய்வது வழி கேட்பது. ஒருவர் தவறான வழியைக் காட்டிவிட்டால், வந்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை. போய்ச் சேர்வது வேறு வீடாகத்தான் இருக்கும். இன்டர்நெட்டில் நாம் நாள்தோறும் இப்படித்தான் வழி கேட்கிறோம். தேர்வு முடிவு பார்க்கிறோம். அப்பா வங்கிக் கணக்கைத் திறக்கிறார். அலுவலகச் சகோதரி கல்வி அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார். நாம் தட்டுவது பெயரை. கணிப்பொறிகள் ஒன்றையொன்று அறிவதோ எண்களால். பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் பணியை டொமைன் நேம் சர்வர் என்னும் கணிப்பொறிகள் செய்கின்றன. சுருக்கமாகப் பெயர் சர்வர் என்போம். இவற்றை ஏமாற்றுவது எப்படி, ஏமாறாமல் காப்பது எப்படி என்று இங்கே பார்ப்போம். கணக்கு நோட்டும் பென்சிலும் பக்கத்தில் இருப்பது நல்லது.

தொடக்கத்தில் பெயர் சர்வர்களே இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மென்லோ பார்க்கில், எஸ்.ஆர்.ஐ. என்ற ஆய்வு நிறுவனத்தில் ஒரே ஒரு பட்டியல் இருந்தது. அதைப் பராமரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எலிசபெத் ஃபைன்லர் என்னும் பெண்மணி. புதிதாக ஒரு கணிப்பொறியை இணைப்பவர் அவருடைய அலுவலகத்தில் சொல்லிப் பெயரைப் பதிந்துகொள்வார். மற்றவர்கள் பட்டியலைப் படியெடுத்துக் கொள்வார்கள். (இன்டர்நெட்டின் கதையைச் சொல்லும்போது பலர் இவரை மறந்துவிடுகிறார்கள். பெண்கள் பள்ளி மலரிலாவது அவர் பெயர் இருக்கட்டும்.) கணிப்பொறிகள் பெருகின, ஒரு பட்டியல் போதவில்லை. 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் பட்டியலைப் பல சர்வர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் திட்டத்தை வகுத்தார். இன்றும் நடப்பது அத்திட்டமே. அன்று வலையில் இருந்தவர்கள் ஏறக்குறைய ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பொய் சொல்பவன் உள்ளே வருவான் என்பதைப் பற்றி அத்திட்டம் அதிகம் கவலைப்படவில்லை.

நம் வீட்டுக் கணிப்பொறி ஒரு பெயரைக் கேட்டதும், இணைப்புத் தரும் நிறுவனத்தின் பெயர் சர்வர் நமக்காக விசாரிக்கப் புறப்படுகிறது. முதலில் எல்லாவற்றுக்கும் மேலான வேர் சர்வரிடம் கேட்கும். அது, "டாட் இன் பற்றி இன்னாரிடம் கேள்" என்னும். அந்த இன்னார், "அந்தப் பள்ளியின் சர்வர் இது" என்று காட்டுவார். பள்ளியின் சர்வர் கடைசியில் எண்ணைச் சொல்லும். இத்தனையும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் இப்படி அலையாமல் இருக்க, கிடைத்த விடையைச் சர்வர் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது. ஒரு மணி நேரமோ ஒரு நாளோ, விடையில் குறித்துள்ள காலம் வரையில். அதுவரை யார் கேட்டாலும் குறிப்பேட்டைப் பார்த்தே பதில்.

அந்தக் குறிப்பேட்டில் ஒருவன் பொய்யை எழுதிவிட்டால்? அந்தச் சர்வரை நம்பியிருக்கும் ஆயிரக்கணக்கான வீடுகளும் அவன் காட்டும் இடத்துக்கே போகும். இதைக் குறிப்பேட்டுக்கு நஞ்சூட்டுதல் என்கிறார்கள். பொருத்தமான பெயர்தான், ஒரு வீட்டுக் குடத்தில் அன்று, ஊர்க் கிணற்றில் கலக்கும் நஞ்சு இது.

பெயர் சர்வர்களின் கேள்வி பதில்கள் அஞ்சலட்டை போன்றவை. அஞ்சலட்டையில் அனுப்புநர் முகவரியை யாரும் எப்படியும் எழுதலாம் அல்லவா? ஆகவே ஒவ்வொரு கேள்வியோடும் சர்வர் ஓர் எண்ணைச் சேர்த்து அனுப்புகிறது. பதிலிலும் அதே எண் இருந்தால் ஏற்கும். முதலில் வந்த பொருத்தமான பதிலே செல்லும். பின்னால் வரும் உண்மைப் பதில் குப்பைக்குப் போகும். அந்த எண்ணுக்கு 16 பிட் இடம். அதாவது 65,536 எண்களில் ஒன்று.

இப்போது பென்சிலை எடுப்போம். உண்மைப் பதில் வருமுன் திருடன் 100 போலி அட்டைகளை, நூறு வெவ்வேறு எண்களுடன் அனுப்ப முடியும் என்று வைத்துக்கொள்வோம். அவன் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 655இல் 1. தோற்றால் உண்மை விடை குறிப்பேட்டில் ஏறிவிடும். அது ஒரு நாள் அங்கே இருந்தால் மறுநாள்தான் அடுத்த முயற்சி. சராசரியாக 655 நாள். இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு! இந்தக் கணக்கை நம்பித்தான் பலர் நிம்மதியாக இருந்தார்கள்.

2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டான் காமின்ஸ்கி என்னும் அமெரிக்க இளைஞர் அந்த நிம்மதியைக் கெடுத்தார். ஒரு நாள் காத்திருக்கத் தேவையே இல்லை என்று அவர் கண்டார். பள்ளியின் உண்மையான பெயரைக் கேட்டால்தானே விடை குறிப்பேட்டில் ஏறும்? பள்ளிப் பெயருக்கு முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று இல்லாத பெயர்களை ஒட்டிக்கொண்டே கேட்டால், ஒவ்வொரு பெயரும் சர்வருக்குப் புதிது. ஒவ்வொரு முறையும் அது விசாரிக்கப் புறப்படும். ஒவ்வொரு முறையும் திருடனுக்கு ஒரு புதிய பந்தயம். போலி அட்டையில் அவன் எழுதுவதும் தந்திரமானது. "எனக்குத் தெரியாது, அந்தப் பள்ளியின் பெயர் சர்வரைக் கேள், அதன் எண் இது" என்று தன் கணிப்பொறியின் எண்ணைக் கொடுப்பான். ஒரு முறை வென்றால் போதும். அந்தப் பள்ளியின் பெயர்கள் அனைத்தும் அவன் கைக்குப் போய்விடும். நொடிக்கு 50 பந்தயம் என்றால் 655 பந்தயத்துக்கு ஆகும் நேரம் 13 நொடி. இரண்டு ஆண்டு எங்கே, 13 நொடி எங்கே!

தவறு ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் மட்டும் இருந்திருந்தால் அவர்களிடம் சொல்லி முடித்திருக்கலாம். இதுவோ திட்டத்திலேயே இருந்தது. ஒருவர் திருத்தம் வெளியிட்டால், அதைப் பார்த்தே திருடர்கள் ஓட்டையைக் கண்டுபிடித்து மற்றவர்களைத் தாக்கிவிடுவார்கள். ஆகவே 2008 மார்ச் 31 அன்று ரெட்மண்டில் உள்ள மைக்ரோசாஃப்ட் வளாகத்தில் 16 பேர் இரகசியமாகக் கூடினார்கள். வியாபாரத்தில் போட்டியாளர்களான நிறுவனங்கள் சேர்ந்து வேலை செய்து, ஜூலை 8 அன்று ஒரே நாளில் திருத்தங்களை வெளியிட்டன. இரகசியத்தை விற்றிருந்தால் காமின்ஸ்கிக்குப் பெரும் பணம் கிடைத்திருக்கும். அவர் விற்கவில்லை. திருத்தத்தைப் பொருத்திக்கொள்ள உலகுக்கு ஒரு மாதம் அவகாசம் வேண்டும், அதுவரை யாரும் ஊகத்தை வெளியிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். 13 நாளில் விஷயம் வெளியே கசிந்துவிட்டது.

திருத்தம் என்ன? கேள்வி புறப்படும் வாயிலையும் மாற்றிக்கொண்டே இருப்பது. ஒரு கணிப்பொறிக்கு ஏறத்தாழ 64,000 வாயில் எண்கள் உண்டு. முன்பு பல சர்வர்கள் எப்போதும் ஒரே வாயிலிலிருந்து கேட்டன. இனி ஒவ்வொரு கேள்விக்கும் குருட்டாம்போக்கில் ஒரு வாயில். திருடன் இரண்டு எண்களையும் ஒரே சமயத்தில் ஊகிக்க வேண்டும். 65,536ஐ 64,000ஆல் பெருக்கினால் 400 கோடிக்கு மேல். முன்னைய வேகத்தில் 13 நொடி ஆனது, இப்போது பத்து நாள் ஆகும். டேனியல் பெர்ன்ஸ்டீன் என்ற கணிதப் பேராசிரியர் பல ஆண்டுகளுக்கு முன்பே இதைத்தான் சொல்லி, தாம் எழுதிய சர்வரில் செய்தும் வைத்திருந்தார். கேட்டவர் சிலரே.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. சில அலுவலகங்களில் சர்வர் வாயில்களைக் கலைத்துப் போட, வெளிவாசலில் இருந்த தடுப்புக் கருவி அவற்றை மறுபடி வரிசையாக அடுக்கி அனுப்பியது! பூட்டு வாங்கியவர் சாவியை அதிலேயே விட்டுவைத்த கதை. திருத்தம் சரியாகப் பொருத்திய சர்வரும் முழுக்கக் காப்பாற்றப்படவில்லை. அதே ஆகஸ்டில் ரஷ்ய இயற்பியலாளர் ஒருவர், மிக வேகமான இணைப்பில் இரண்டு கணிப்பொறிகளை வைத்துச் சுமார் பத்து மணி நேரத்தில் அதையும் வென்று காட்டினார்.

பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2020இல், கலிபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தாரும் சீனத்தின் சிங்குவா பல்கலைக்கழகத்தாரும் வேறொரு வழி கண்டார்கள். சர்வரின் எந்த வாயில் திறந்திருக்கிறது என்பதைத் தனியே கண்டுபிடித்துவிடலாம்; பிறகு எண்ணை மட்டும் ஊகித்தால் போதும். கணக்கில் ஆர்வமுள்ள மாணவியர் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஊகிக்கும்போது பெருக்கல். தனித்தனியே ஊகிக்க முடிந்தால் கூட்டல். 400 கோடி, ஒன்றே கால் லட்சத்துச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. அதற்கும் மாற்றுகள் செய்தார்கள். கேள்வியில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் தாறுமாறாகக் கலந்து அனுப்புவது இன்னொரு முறை. பதிலிலும் அதே கலவை வர வேண்டும். பத்தெழுத்துப் பெயரென்றால் ஊகம் 1,024 மடங்கு கடினமாகும். எளிய தந்திரம், ஆனால் நல்ல தந்திரம்.

இவையெல்லாம் ஊகத்தைக் கடினமாக்குவன. அஞ்சலட்டை அஞ்சலட்டையாகவே இருக்கிறது. அதில் கையொப்பம் கேட்பதுதான் உண்மையான மருந்து. டி.என்.எஸ்.செக் என்னும் முறையில் ஒவ்வொரு சர்வரும் தன் விடையில் கணித முறையில் கையொப்பமிடும். மேலுள்ள சர்வர் கீழுள்ளதன் கையொப்பத்துக்குச் சாட்சி சொல்லும். கடைசிச் சாட்சி வேர். அங்கே கையொப்பம் நடைமுறைக்கு வந்தது 2010 ஜூலை 15 அன்று. வேரின் இரகசியச் சாவி அமெரிக்காவில் இரண்டு இடங்களில் பெட்டகத்தில் இருக்கிறது. பல நாடுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் முன்னிலையில்தான் அதை எடுக்கலாம். பேரிடர் நேர்ந்தால் சாவியை மீட்பதற்காக அன்று நியமிக்கப்பட்ட எழுவரில் ஒருவர் காமின்ஸ்கி. அவர் 2021இல், 42ஆம் வயதில் காலமானார்.

மருந்து இருந்தும் எல்லாரும் உட்கொள்ளவில்லை. பெயருக்கு உரியவர் கையொப்பமிட வேண்டும். விசாரிக்கும் சர்வர் அதைச் சரிபார்க்க வேண்டும். ஒரு கை தட்டினால் ஓசை வராது. கையொப்பமிடாத பெயர்கள் இன்றும் ஏராளம். ஆகவே சர்வரை நடத்துவோர் பழைய காவல்களையும் கைவிடலாகாது. மென்பொருளின் திருத்தங்களை உடனுக்குடன் பொருத்த வேண்டும். தம்மைச் சார்ந்தோருக்கு மட்டுமே பதில் சொல்லும்படி வைக்க வேண்டும். யார் கேட்டாலும் விசாரிக்கப் புறப்படும் சர்வர் திருடனுக்குத் திறந்த வீடு. பெற்றோர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. வீட்டிலுள்ள இணைப்புக் கருவிக்குத் தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். எந்தப் பெயர் சர்வரைக் கேட்பது என்பது அந்தச் சிறு பெட்டிக்குள்தான் எழுதியிருக்கிறது.

கையொப்பமிடுவோர் தயங்குவதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. கையொப்பத்துக்குக் காலக்கெடு உண்டு. புதுப்பிக்க மறந்தால், சரிபார்க்கும் சர்வர்கள் அதைப் போலியைப் போலவே தள்ளிவிடும். அந்த நிறுவனமே இன்டர்நெட்டிலிருந்து மறைந்தாற்போல் ஆகிவிடும். சந்தேகமான எண்ணைச் சொல்வதைவிட எண்ணே சொல்லாமல் இருப்பது மேல் என்பது அவற்றின் விதி. பக்கம் திறக்கவில்லையே என்று நாம் அலுத்துக்கொள்ளும் வேளைகளில் சில, ஏதோ ஒரு பெயர் சர்வர் போலி அட்டையைத் திருப்பியனுப்பிய வேளைகளாகவும் இருக்கக்கூடும்.