ஒரு டம்ளர்னா எத்தனை கிராம்?

பாகூர், வில்லியனூர் பக்கம் வீடுகளில் இட்லிக்கு ஊறப்போடும் கணக்கு சுலபம்: "நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து." யூடியூப் சமையலோ "250 கிராம் மைதா, 200 கிராம் சர்க்கரை" என்கிறது. ரூமில் தராசு கிடையாது, டம்ளர்தான் இருக்கு. எப்படி மாற்றுவது?

நிறை = அடர்த்தி × கனஅளவு. பள்ளியிலேயே படித்ததுதான். ஆனால் எந்த அடர்த்தி? ஒரு அரிசி மணியின் அடர்த்தி மில்லிலிட்டருக்குச் சுமார் 1.45 கிராம். டம்ளரில் கொட்டிய அரிசிக்கு அது 0.82 அளவுதான். ஏன்னா டம்ளருக்குள் 40 சதவீதத்துக்கு மேல் காற்று! சிவில் நண்பர்கள் மணலுக்கும் ஜல்லிக்கும் கணக்குப் போடும் பல்க் டென்சிட்டி இதுவேதான்.

200 மி.லி. டம்ளரைத் தலை தட்டி அளந்தால், ஏறக்குறைய:

- தண்ணீர்: 200 கிராம்
- எண்ணெய்: 184 கிராம்
- சர்க்கரை: 170 கிராம்
- அரிசி: 165 கிராம்
- மைதா (அழுத்தாமல்): 105 கிராம்
- தூள் உப்பு: 240 கிராம்

அரிசியும் உளுந்தும் கிட்டத்தட்ட ஒரே பல்க் டென்சிட்டி. அதனால்தான் நாலுக்கு ஒண்ணு என்பதை டம்ளரில் அளந்தாலும் கிலோவில் நிறுத்தாலும் மாவு சரியாக வருகிறது. மைதாவில் இது நடக்காது. 250 கிராம்தானே என்று 250 மி.லி. எடுத்தால் கிடைப்பது 130 கிராம், பாதிதான். சரியான அளவு 2.4 டம்ளர். அதையே அழுத்தி நிரப்பினால் கணக்கு மறுபடி மாறும்.

உங்க டம்ளர் 200 மி.லி. தானா? 500 மி.லி. பால் பாக்கெட்டை ஊற்றிப் பாருங்க. இரண்டரை டம்ளர் வந்தால் ஆமாம். அடுத்து, ஒரு கிலோ பாக்கெட் எதைப் பிரித்தாலும் எத்தனை டம்ளர் என்று எண்ணுங்க. 1000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் உங்க டம்ளருக்கான கிராம் வந்துவிடும். தராசே வேண்டாம்.

இன்னொரு விஷயம்: தலை தட்டியா, கோபுரமாகவா? பழைய கணக்கில் 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால். 12 செ.மீ. விட்டமும் 11.5 செ.மீ. உயரமும் உள்ள ஒரு படியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 1300 மி.லி. நெல் குவியும் கோணம் 35 டிகிரி என்றால், மேலே நிற்கும் கூம்பின் உயரம் 6 × டேன் 35 = 4.2 செ.மீ. கூம்பின் கனஅளவு சுமார் 158 மி.லி. அதாவது ஏறத்தாழ ஒரு ஆழாக்கு!

எட்டுப் படி அளந்தால் கிட்டத்தட்ட ஒரு படி வித்தியாசம். அறுப்புக் கூலியை நெல்லாக வாங்கியவருக்கு இது சின்ன விஷயமில்லை, வீட்டில் ஒரு வேளை உலை. குவித்துக் கொடுக்கிறாரா, தட்டிக் கொடுக்கிறாரா என்று களத்தில் கண் வைத்தது இதற்குத்தான். எந்த மரக்கால் என்பதும் முக்கியம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நெல்லைச் சொல்லும்போது "ஆடவல்லான்" என்னும் மரக்காலால் அளந்தது என்று பெயரோடு குறிக்கின்றன.

ஆகவே ரெசிபி எழுதிக் கொடுக்கும்போது "ஒரு டம்ளர்" என்று மட்டும் நிறுத்தாதீங்க. எத்தனை மி.லி. டம்ளர், தட்டியா குவித்தா என்று சேர்த்து எழுதுங்க. படிப்பவர் மாவு வீணாகாது.