குளமும் வாய்க்காலும்

மௌனமாகச் செபிப்பது துறவிகளுக்குரியது, நற்செய்தி அறிவிப்பது குருக்களுக்கும் உபதேசியார்களுக்கும் உரியது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். இவை இரண்டும் நம் எல்லோருக்கும் உரியவை என்பதையும், ஒன்றின்றி மற்றது நிலைக்காது என்பதையும் இப்பாடத்தில் நோக்குவோம்.

மாற்கு நற்செய்தி 1:35-39ஐ வாசியுங்கள். கப்பர்நாகூமில் நோயாளர் பலரைக் குணமாக்கிய மறுநாள், விடியுமுன்னரே இயேசு தனிமையான இடத்துக்குச் சென்று செபிக்கிறார். சீடர்கள் தேடி வந்ததும், அடுத்த ஊர்களுக்குப் புறப்படுகிறார். செபம் அவரை மக்களிடமிருந்து பிரிக்கவில்லை, மக்களிடமே அனுப்பியது.

நமது நாட்டில் இவ்வழியில் நடந்தவர் புனித யோசேவ் வாஸ் அடிகளார். 1651இல் கோவாவில் பிறந்த அவர், 1685இல் அங்கே செபவாழ்வுக்காகக் கூடியிருந்த குருக்களோடு இணைந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கூலியாளின் கோலத்தில் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் கெடுபிடி கூடியதால் புத்தளத்துக்கு இடம்பெயர்ந்தார். 1692இல் கண்டியில் ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். அங்கும் செபத்தை விடவில்லை, சிங்களமும் கற்றார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரை மதபேதமின்றித் தேடிச் சென்று பராமரித்தார். சிறையிலும் செபத்தில் ஊன்றி நின்றவரே நோயாளர் அருகிலும் அஞ்சாமல் நின்றார்.

கமக்காரராகிய நமக்கு இது விளங்கும். குளத்தில் நீர் இல்லாவிட்டால் வாய்க்கால் வெட்டிப் பயனில்லை. நீர் நிறைந்திருந்தும் வாய்க்காலில் விடாவிட்டால் பயிர் வாடும். செபம் குளம், நற்செய்திப் பணி வாய்க்கால்.

நலன்புரி நிலையத்திலோ உறவினர் வீட்டிலோ தனியிடம் கிடைப்பது அரிது. பிள்ளைகள் எழும்புமுன் பத்து நிமிடம் போதும். இயேசுவின் பெயரை மெல்லச் சொல்லி அமைதியாக இருங்கள். விட்டுவந்த காணியும் வீடும் நினைவுக்கு வரும், கண்ணீரும் வரும். தடுக்க வேண்டாம். அவற்றோடேயே இறைவன்முன் இருங்கள். முடிவில் அயலில் துன்பப்படும் ஒருவரை நினைத்து, அன்றே அவரிடம் செல்லுங்கள். முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் நம்பிக்கையைப் பற்றி அவர் கேட்டால் எளிமையாகச் சொல்லுங்கள். உதவியைக் காட்டி எவரையும் மதத்துக்கு இழுப்பது நற்செய்தி அன்று. அது பசித்தவரின் இயலாமையைப் பயன்படுத்துவதாகும்.

கலந்துரையாடுவோம்:

1. நமது நாளில் அமைதியாக இருக்கக்கூடிய நேரம் எது?

2. நமது அயலில் யாரும் எட்டிப்பார்க்காத குடும்பம் எது? இவ்வாரம் அங்கே செல்பவர் யார்?