செட்டிங்கை ஒட்டும் முன் லாக்கைப் படியுங்கள்



விழுப்புரம், திண்டிவனம் கல்லூரிப் பிள்ளைகளின் லேப்டாப்புகளில் லினக்ஸ் போட்டுக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். போட்ட கையோடு அவர்கள் கேட்பது, 'கேம் ஓடுமா?' என்பதுதான். ஓடாவிட்டால் நம்மில் பலரும் செய்வது ஒன்றே: யாரோ எங்கோ எழுதிவைத்த நீளமான லாஞ்ச் ஆப்ஷன் வரியை அப்படியே எடுத்து ஒட்டுவது. அதுவும் பலிக்காவிட்டால் இன்னொரு வரி. இந்தப் பழக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள். விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டித்தரும் வைனிலும், அதன்மேல் கட்டிய புரோட்டானிலும் உள்ள ஒவ்வொரு செட்டிங்கும் ஏதோ ஒரு மிஷினில் வந்த ஏதோ ஒரு கோளாறுக்குக் கண்ட பதில். உங்கள் முன்னால் இருக்கும் மிஷினுக்கு என்ன கோளாறு என்று தெரியாதவரை அந்தப் பதிலால் பயனில்லை; சில நேரம் கெடுதலும் உண்டு.

இதற்குச் சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அந்த வயதுள்ள லேப்டாப்புகள் இன்றும் வீடுகளில் புழங்குகின்றன. வால்வ் நிறுவனம் கோட்வீவர்ஸுடன் சேர்ந்து 2018 ஆகஸ்டில் வெளியிட்ட புரோட்டானில் டிஎக்ஸ்விகே என்ற பகுதிதான் டைரக்ட்எக்ஸ் 11 வரையிலான கேம்களின் கட்டளைகளை லினக்ஸ் கிராபிக்ஸ் டிரைவருக்குப் புரியும் வல்கனுக்கு மாற்றித் தருகிறது. 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0 முதல் வல்கன் 1.3 தரும் டிரைவர் கட்டாயம். 2011ஆம் ஆண்டு லேப்டாப்பின் உள்ளமை கிராபிக்ஸில் அது கிடையாது. புதிய கார்டு வைத்திருப்பவர் எழுதிய வரியை அதில் எத்தனை முறை ஒட்டினாலும் கேம் திறக்காது. வல்கன் ஓரளவு உள்ள மிஷினென்றால் புரோட்டான் 7க்கு இறங்கிப் பார்க்கலாம். வல்கனே இல்லையென்றால் ஓப்பன்ஜிஎல் வழியாக ஓட்டும் வைன்டி3டி மட்டும்தான் வழி, அதுவும் பழைய கேம்களுக்கு.

இன்னொன்று, நம் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது. விண்டோஸும் லினக்ஸும் ஒரே லேப்டாப்பில் இருக்கும்; டிஸ்க் சின்னது; கேமை விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனிலேயே வைத்துவிட்டு, லினக்ஸில் போட்ட வால்வின் ஸ்டீம் செயலிக்கு அதைக் காட்டுவார்கள். பிளே அழுத்தினால் ஒரு நொடி ஓடி நின்றுவிடும். புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் தனியாக ஒரு விண்டோஸ் ஃபோல்டரை, அதாவது ப்ரீஃபிக்ஸை, கம்பாட்டேட்டா என்ற இடத்தில் கட்டுகிறது. அதற்குள் சி, இசட் டிரைவ்களுக்கு முக்காற்புள்ளியோடு கூடிய பெயரில் இணைப்புகள் போடும். விண்டோஸ் அந்தக் குறியை ஃபைல் பெயரில் ஏற்பதில்லை. அதனால்தான் என்டிஎஃப்எஸ்ஸில் இவ்வளவு தொல்லை. கம்பாட்டேட்டாவை லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு மாற்றினால் போதும். லாஞ்ச் ஆப்ஷனில் போடும் எந்த மாறியும் இதற்கு மருந்தில்லை. 'ப்ரீஃபிக்ஸை அழித்துவிட்டுத் திரும்ப ஓட்டு' என்ற யோசனையும் அடிக்கடி வரும். பல கேம்களின் சேவ் அதற்குள்தான் இருக்கிறது. முதலில் நகல் எடுங்கள். மாதக்கணக்கில் ஆடியதை ஒரு கிளிக்கில் தொலைத்த பிள்ளை லினக்ஸ் பக்கம் திரும்ப வரமாட்டான்.

லாக் படிக்க யாருக்குப் பொறுமை, கேம் ஓடினால் போதாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஆறு மாறிகளை ஒன்றாகப் போட்டு ஓடவைத்தால், எது வேலை செய்தது என்பது உங்களுக்கும் தெரியாது. அடுத்த புரோட்டான் அப்டேட்டில் நின்றுபோனால் மறுபடி முதலிலிருந்து. புரோட்டான் லாக் என்ற மாறிக்கு 1 கொடுத்துக் கேமைத் திறந்தால் ஹோம் ஃபோல்டரில் கேமின் எண்ணோடு ஒரு லாக் ஃபைல் உருவாகும். அதில் டிஎக்ஸ்விகே, வல்கன் என்று தேடினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றுங்கள்.

கட்டற்ற மென்பொருளுக்காக உழைக்கும் நாம் மூடிய கேம்களுக்கு ஏன் மெனக்கெட வேண்டும் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு போன்ற இடங்களில் வளர்ந்தவர்களுக்கு அது உறுத்தத்தான் செய்யும். என் பதில்: கேம் மூடியது, ஆனால் வைன் கட்டற்றது. 1993 முதல் பலர் எழுதிவரும் அந்த நிரலை ஒரு மாணவி எட்டிப்பார்க்க கேமைவிட வலுவான காரணம் கிடைப்பது அரிது. பிழையைத் தேடும்போதுதான் டிரைவர், கெர்னல், ஃபைல் சிஸ்டம் எல்லாம் அவளுக்குப் பெயரளவில் இல்லாமல் கண்முன் நிற்கும்.

முடியாததை முடியாது என்றும் சொல்லுங்கள். வேலரன்ட் கேமின் ஏமாற்றுத் தடுப்பான வேன்கார்டு விண்டோஸ் கெர்னலுக்குள் உட்காருவது. எந்த செட்டிங்காலும் அது லினக்ஸில் ஓடாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் கேமும் 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸுக்குக் கதவை மூடியது. இவற்றுக்காக ஒரு மாணவனின் இரவை வீணாக்காதீர்கள்.

ஓடியதைத் தமிழில் குறித்துவையுங்கள்: லேப்டாப் மாடல், கிராபிக்ஸ், டிரைவர், கெர்னல், புரோட்டான் பதிப்பு, லாக்கில் வந்த வரி, மாற்றிய ஒரே செட்டிங், தேதி. தேதி முக்கியம். 2025 மார்ச்சில் வந்த லினக்ஸ் 6.14இல், விண்டோஸ் நிரல்களின் ஒத்திசைவு வேலையைக் கெர்னலிலேயே செய்துதரும் என்டிசிங்க் சேர்ந்துவிட்டது. அதே வேலைக்கு முன்பு இருந்த ஈசிங்க், எஃப்சிங்க் பற்றிய பழைய அறிவுரைகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்து, செல்லாதவற்றை அடித்துவிடுங்கள்.