பகலில் தூங்குகிறவனுக்கு ஓர் அறை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. மொட்டை மாடியில் உனக்கென்று ஒரு ரூம் எடுக்கப் போகிறாயாம். ஏ.சி., பெரிய கட்டில், மேற்கே பார்த்த அகலமான கண்ணாடி ஜன்னல் என்று பட்டியல் போட்டிருப்பதாக அக்கா சொன்னாள். ராத்திரி முழுக்க மண்டியில் கணக்கு எழுதி, கேரளா லாரிகளை அனுப்பிவிட்டு, விடிந்து வீடு வருகிறவனுக்கு நிம்மதியாகத் தூங்க ஓர் இடம் வேண்டும். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் கட்டட வேலையிலேயே காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன், மாடியில் எடுக்காதே. கீழே வடக்குப் பக்கம் காலிச் சாக்கும் தட்டுமுட்டுச் சாமானும் கிடக்கிற அறைதான் உனக்குச் சரி. சாக்கு மாடிக்குப் போகட்டும், நீ கீழே வா.

காரணம் சொல்கிறேன். உன் ஊர் ஒட்டன்சத்திரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய பத்தரை டிகிரியில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி இரண்டாம் வாரத்திலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். அந்த நாட்களில் சுவரைவிடக் கூரைதான் அதிகம் அடி வாங்கும். கான்கிரீட் தளம் வெயிலை உடனே உள்ளே விடாது, வாங்கி வைத்துக்கொண்டு சில மணி நேரம் கழித்துக் கீழே இறக்கும். காலையில் நீ படுக்கும்போது சும்மா இருக்கிற தளம், ஆழ்ந்து உறங்க வேண்டிய மதியத்தில் அனலைக் கொட்டத் தொடங்கும்.

உறங்கப் போகும் உடம்பு தன் உள்சூட்டைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளும். கை கால் தோல் வழியாகத்தான் அதை வெளியே தள்ளும். சுற்றியிருக்கிற காற்றே சூடாக இருந்தால் அந்த வேலை நடக்காது, புரண்டுகொண்டே கிடப்பாய். ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை, உன் வியர்வையைத்தான் உலர்த்துகிறது. சூடேறிய தளத்துக்குக் கீழே சுற்றுகிற ஃபேன் மேலே தேங்கிய சூட்டையும் சேர்த்துக் கட்டிலுக்குக் கொண்டுவரும். ஏ.சி. வாங்கினாலும் அது முதலில் தளத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும், அந்தக் கரண்ட் பில்லை நீதான் கட்டுவாய்.

இல்லை, மாடிதான் வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தால் (பிடிப்பாய், உன் அப்பாவின் பிள்ளை அல்லவா) பணத்தைக் கட்டிலில் போடாமல் தளத்தில் போடு. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து இடித்து, மேலே தட்டோடு பதிக்கச் சொல். வருஷா வருஷம் பங்குனிக்கு முன் தளத்தைக் கழுவி வெள்ளைச் சுண்ணாம்பு அடி, தூசி படிந்த வெள்ளை பாதி வேலைதான் செய்யும். எல்லாவற்றையும்விட நல்லது நிழல். தளத்திலிருந்து இடைவெளி விட்டுக் கீற்றுப் பந்தலோ, நர்சரிக்காரர்கள் கட்டும் பச்சை வலையோ போட்டால் தளத்தில் விழும் வெயில் குறையும், இடையில் சூடேறும் காற்றும் வெளியே ஓடிவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று வலையைக் கிழித்துவிடும், ஆனி பிறந்ததும் அவிழ்த்து வை.

சூட்டை விடு. உன் விஷயத்தில் பெரிய எதிரி வெளிச்சம்.

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதன் உள்வேலையைப் பழ ஈக்களில் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே, உன் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கக்கூடிய மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் கூட்டாளிகளும் இந்தக் கடிகாரம் ஓடுவதை மனிதர்களிடம் பார்த்தார்கள். சூரியனும் கடிகாரமும் இல்லாத அறையில் தன்னார்வலர்களைத் தனியாகத் தங்கவைத்தார்கள். நேரம் சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும் உடம்பு தன் பாட்டுக்கு ஒரு நாளை நடத்தியது. ஆனால் அது ஊரின் இருபத்து நாலு மணி நேரத்தோடு ஒட்டாமல் நழுவியது. சிலருக்குத் தூக்கம் ஒரு தாளத்திலும் உடல் வெப்பம் வேறு தாளத்திலும் பிரிந்துபோயின. தினமும் அந்தக் கடிகாரத்தைத் திருத்தி வைப்பதில் முதல் கை வெளிச்சத்துடையது.

இப்போது உன் காலையைப் பார். வேலை முடிந்து பைக்கில் முகத்தில் வெயில் படத் திரும்புகிறாய். உடம்பு விடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. அதே உடம்பை ஒன்பது மணிக்குக் கண்ணாடி ஜன்னல் பக்கத்தில் போட்டுத் தூங்கு என்றால் எப்படித் தூங்கும்? அதனால் திரும்பும்போது தொப்பியும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொள். கண் செருகினால் மட்டும் இதெல்லாம் வேண்டாம், வண்டியையே எடுக்காதே, யாரையாவது கொண்டுவந்து விடச் சொல்.

ஜன்னலுக்குக் கண்ணாடி வேண்டாம், பலகைக் கதவு போடு. உள்ளே கனமான இரட்டைத் துணித் திரை, அது ஜன்னலைவிட இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலமாக இருக்கட்டும். மேல் விளிம்பில் ஒரு பலகைப் பெட்டி அடித்தால் அங்கே கசிகிற வெளிச்சமும் நிற்கும். கதவடியில் ரப்பர் பட்டை ஒட்டு. நண்பகலில் எல்லாவற்றையும் மூடிக் கொஞ்ச நேரம் உட்கார். கை விரல் தெரிந்தால் இன்னும் ஓட்டை இருக்கிறது. இருட்டடித்தால் காற்று அடைபடும், அதற்குத்தான் வென்டிலேட்டரில் எக்ஸாஸ்ட் ஃபேன். வெளிப்புறம் கீழ்நோக்கிய தகர மூடி வைத்தால் காற்று போகும், வெயில் வராது. கொசுவுக்கு வலை கட்டிக்கொள், மூடிய அறையில் சுருள் கொளுத்தாதே.

அப்புறம் சத்தம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல்தான் எல்லை, பகலில் 55. கடைவீதியில் பகல் எல்லை 65. ஊர் தூங்கும் நேரத்துக்குத்தான் சட்டம் காவல் நிற்கிறது, நீ தூங்கும் நேரத்துக்கு இல்லை. தெருப்பக்கச் சுவரோரம் துணி நிறைந்த பீரோவை நிறுத்து, கட்டிலை எதிர்ச் சுவரில் போடு. ஃபேன் இரைச்சல் ஒரே சீராக இருப்பதால் ஹாரனைக் கொஞ்சம் அமுக்கும்.

வீட்டுச் சத்தம் வேறு கதை. அதே மதுரைக்காரர்கள் 1981இல் வௌவால்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குகை இருட்டில் கூண்டில் அடைபட்ட வௌவால்கூட, கூட்டம் வெளியே போய்த் திரும்புவதை வைத்தே தன் நேரத்தை ஊரோடு சேர்த்துக்கொண்டது. குக்கர் விசில், வாசலில் யாரோ கூப்பிடுவது, உன் அம்மாவின் மதியச் சீரியல் எல்லாம் உன் உடம்புக்கு நேரம் சொல்லும் ஆட்கள்தான். மூன்று மணி வரை அந்தப் பக்கம் யாரும் வரக்கூடாது என்று வீட்டில் கறாராகப் பேசிவை. சாப்பாட்டுக்கு எழுப்பக் கூடாது என்று அக்காவிடம் நானும் சொல்கிறேன், உன்னைவிட என் பேச்சுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு.

உன் பட்டியலில் இருக்கிற கட்டிலுக்கு வருகிறேன். அதில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. கடையில் காட்டும் நுரை மெத்தை சூட்டைப் பிடித்துவைக்கும். போடிப் பக்கத்து இலவம்பஞ்சு மெத்தை போதும், அவ்வப்போது வெயிலில் காய வை. வடக்கே தலை வைக்காதே என்று பாட்டி சொல்வாள். அவளுக்காகவே வைக்காதே, எந்தத் திசை ஆனாலும் மேற்குச் சுவரை மட்டும் ஒட்டிப் படுக்காதே.

அறையை ஒழித்ததும் ஜன்னலின் உள் அளவை எடுத்து அனுப்பு, ஆசாரியிடம் நான் பேசுகிறேன். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து எழுது. பழைய நிலை ஒரே சீராக இருக்காது.

இப்படிக்கு,
உன் மாமா